அப்பன் கடனும் ஆத்மா சாந்தியும்

(சாத்தூர் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக் கொண்ட விஷயம் சாமியைப் பற்றியதல்ல. சடங்கைப் பற்றியது மாத்திரமும் அல்ல. கடனைப் பற்றியதாகும். "கடனைப் பற்றிப் பேச இவன் என்ன வக்கீலா, பாங்கிக்காரனா?" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நான் இரண்டுமல்ல. ஏழாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கப் போனவன். எனக்குத் தெரிந்த சட்டமெல்லாம் முதலில் கடன்பட்டுத் தெரிந்து கொண்டது. பிறகு பழைய புத்தகக் கடையில் நின்று படித்துத் தெரிந்து கொண்டது. ஆகவே நான் சொல்லுவதை நான் சொன்னதற்காக நம்பாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

நம் பக்கத்து ஊர்களில் ஒரு வீட்டில் தகப்பன் செத்துப் போகிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். பதினாறாம் நாள் கருமாதி. மொட்டை போட்ட தலையோடு மகன் பந்தலில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு பக்கம் சடங்கு செய்ய வந்தவர் அரிசி, வாழைக்காய், வேட்டி, தட்சணை என்று ஜாபிதா வாசிக்கிறார். இன்னொரு பக்கம் வட்டிக்குக் கொடுத்தவர் மடியில் ஒரு காகிதத்தோடு காத்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லுகிறார்கள். "தம்பி, அப்பா ஆத்மா சாந்தியடைய வேண்டாமா?" என்பதுதான் அந்த வார்த்தை. முதலாமவருக்குத் தட்சணை கிடைக்கிறது. இரண்டாமவருக்குக் கையெழுத்துக் கிடைக்கிறது.

தோழர்களே! அந்தப் பந்தலில் நானும் உட்கார்ந்தவன். அதனால்தான் இந்தப் பேச்சே பேசுகிறேன். அந்தக் கதையைப் பிறகு சொல்லுகிறேன். முதலில், செத்தவன் ஆத்மாவுக்கும் உயிரோடிருப்பவன் கையெழுத்துக்கும் எப்படிச் சம்பந்தம் ஏற்பட்டது என்பதைப் பார்ப்போம்.

சாஸ்திரத்தில் கடன்

நம் தர்ம சாஸ்திரங்களில் கடனைப் பற்றி ஏராளமாக எழுதி வைத்திருக்கிறார்கள். பிருகஸ்பதி பெயரால் வழங்கும் ஸ்மிருதியில், வாங்கிய கடனைத் தீர்க்காமல் செத்தவன் மறுபிறப்பில் கடன் கொடுத்தவன் வீட்டில் அடிமையாகவோ, வேலைக்காரனாகவோ, பெண்ணாகவோ, நாலுகால் மிருகமாகவோ பிறப்பான் என்று சொல்லியிருக்கிறது. இங்கே வந்திருக்கிற தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். அடிமைக்கும் மாட்டுக்கும் நடுவில் உங்களை நிறுத்தியிருக்கிறார்கள். பெண்ணாகப் பிறப்பதே கடன் கட்டாததற்குத் தண்டனையாம்!

இந்தக் கதியிலிருந்து தகப்பனைக் காப்பாற்றத்தான் மகன் கடனைத் தீர்க்க வேண்டும் என்று ஏற்படுத்தினார்கள். மகன் முதலும் வட்டியும் கொடுக்க வேண்டும். பேரன் முதலை மாத்திரம் கொடுக்க வேண்டும் என்று கணக்கும் வகுத்தார்கள். தகப்பன் குடிக்கும் சூதாட்டத்துக்கும் கூத்திக்கும் வாங்கிய கடனை மகன் கொடுக்க வேண்டியதில்லை என்று விலக்கும் வைத்தார்கள். விலக்கு நியாயமானதுதான். ஆனால் தகப்பன் எதற்கு வாங்கினான் என்று மகன் அல்லவா ருஜுப்படுத்த வேண்டியிருந்தது? செத்தவன் சாட்சி சொல்ல வருவானா?

வட்டி விஷயத்தில் மனுவின் யோக்கியதையையும் பாருங்கள். மாதம் நூற்றுக்கு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று நான்கு வருணத்துக்கும் வரிசையாக வட்டி வாங்கலாம் என்கிறது மனுஸ்மிருதியின் எட்டாவது அத்தியாயம். பார்ப்பானுக்கு இரண்டு, சூத்திரனுக்கு ஐந்து. அதாவது உள்ளவனுக்குக் குறைந்த வட்டி; இல்லாதவனுக்கு வருஷத்துக்கு நூற்றுக்கு அறுபது. கடனைக் கட்ட முடியாவிட்டால் சமமான ஜாதிக்காரனும் கீழ்ஜாதிக்காரனும் உடல் உழைப்பால் தீர்க்க வேண்டுமாம். மேல்ஜாதிக்காரன் மாத்திரம் மெதுவாக, முடிந்தபோது கொடுக்கலாமாம். இன்று நம் கரிசல் காட்டில் "நூத்துக்கு அஞ்சு வட்டி" என்று சொல்லுகிறபோது அது ஏதோ நேற்று முளைத்த கொடுமை என்று நினைக்காதீர்கள். அதற்கு ஸ்மிருதியிலேயே இடமிருக்கிறது.

நியாயமாகப் பேச வேண்டுமானால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரே தடவையில் வசூலிக்கும் வட்டி முதலுக்கு மேல் போகக்கூடாது என்றும் அதே சாஸ்திரத்தில் இருக்கிறது. நல்ல விதிதான். பம்பாய் மாகாணத்துக் கோர்ட்டுகள் அதை ஒப்புக் கொண்டு நடத்தி வந்தன. நம் சென்னை மாகாணத்து வெளியூர்க் கோர்ட்டுகளிலோ அது செல்லவில்லை. மகனைக் கட்டிப் போடும் விதி மாத்திரம் செல்லுபடியாயிற்று. கடன்காரனைக் கட்டிப் போடும் விதி செல்லுபடியாகவில்லை. இதன் மர்மத்தை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

சீமைக் கோர்ட்டும் சிவகிரி ஜமீனும்

வெள்ளைக்காரன் வந்த பிறகாவது இந்த ஆத்மா சமாசாரம் ஒழிந்ததா என்றால், இல்லை. அவன் அதைப் பத்திரமாக எடுத்துக் கோர்ட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டினான். இந்துக்களின் சொத்து விஷயத்தில் இந்து சாஸ்திரப்படிதான் தீர்ப்பளிப்போம் என்று சொல்லிவிட்டான்.

நமக்கு மேற்கே இருக்கும் சிவகிரி ஜமீனை எடுத்துக் கொள்ளுங்கள். ஜமீன்தார் கடன் வாங்கினார், டிக்ரியும் ஆயிற்று, பிறகு இறந்து போனார். கடன் கொடுத்த செட்டியார் மகன் பேரில் நிறைவேற்று மனுப் போட்டார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரையில் போயிற்று. 1882-ல் அங்கே என்ன தீர்ப்பாயிற்று என்றால், தகப்பன் கெட்ட காரியத்துக்கு வாங்காத கடனுக்கு, மகன் கைக்கு வந்த பரம்பரை ஜமீன் முழுவதும் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. மகனுடைய மதக் கடமையே அதற்கு அடிப்படை. யாரும் கண்ணால் காணாத ஆத்மா ஒன்று, கடலுக்கு அப்பால் உட்கார்ந்திருந்த துரைமார்கள் முன்னிலையில் ஈடாக ஒப்புக் கொள்ளப்பட்டது.

பம்பாய் மாகாணத்திலோ இதைவிட மோசம். தகப்பன் ஒரு காசு வைக்காமல் செத்திருந்தாலும் மகன் சொந்த உழைப்பிலிருந்து கொடுக்க வேண்டும் என்றிருந்தது. அதை மாற்ற 1866-ல் தனியாக ஒரு சட்டமே செய்ய வேண்டியதாயிற்று.

அடுத்தது சிவகங்கை. 1829-ல் ஜமீன்தார் கௌரி வல்லப உடையத் தேவர் ஆண் பிள்ளையில்லாமல் இறந்தார். தமையன் வீட்டுப் பிள்ளைகள் "இது பிரியாத குடும்பம், பெண்ணுக்குப் பாத்தியமில்லை" என்று ஜமீனை எடுத்துக் கொண்டார்கள். மகள் காத்தம நாச்சியார் விடவில்லை. கோர்ட்டு கோர்ட்டாக ஏறி, 1863-ல் பிரிவி கவுன்சிலில் ஜெயித்தார். தகப்பன் தானாகச் சம்பாதித்த ஜமீன் மனைவிக்கும் மகளுக்கும் போகும் என்பது தீர்ப்பு. தகப்பன் செத்து முப்பத்து நான்கு வருஷம் கழித்து மகளுக்கு நியாயம் கிடைத்தது! அந்த அம்மாள் 1877-ல் இறந்தவுடன் மறுபடியும் வாரிசுச் சண்டை. மறுபடியும் 1881-ல் பிரிவி கவுன்சில். இந்த ஐம்பது வருஷ வழக்குச் செலவையெல்லாம் யார் கொடுத்தார்கள்? ஜமீன்தார் வீட்டு நெல் தானாக விளைந்ததா? குடியானவன் வாரத்திலும் வரியிலும் வந்தது வக்கீல் பீஸாகவும் ஸ்டாம்புச் செலவாகவும் கப்பல் ஏறிப் போயிற்று.

இராமநாதபுரத்தையும் பாருங்கள். பாஸ்கர சேதுபதி 1889-ல் பட்டத்துக்கு வந்து 1903-ல் முப்பத்தைந்து வயதில் இறந்தவர். தானமும் விழாவும் கோயில் செலவுமாக வாரி இறைத்தார். கடன் கழுத்துக்கு வந்து, ஜமீனை மகன் பேரால் டிரஸ்டிகள் கையில் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. அதே காலத்தில்தான் 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் போய்விட்டார்கள் என்று அவர் வழக்குப் போட்டார். 1899-ல் கீழ்க் கோர்ட்டில் தீர்ப்பு. 1908-ல் பிரிவி கவுன்சிலில் முடிவு. அங்கேயும் நாடார்கள் போகக்கூடாது என்றே ஆயிற்று. பதினோரு வருஷம் இரு தரப்பிலும் பணம் கரைந்தது எதற்காக? ஒரு கல் மண்டபத்துக்குள் யார் நிற்கலாம் என்பதற்காக. 1939-ல் கோயில் பிரவேசத்துக்குச் சட்டம் வந்த பிறகு அந்தத் தீர்ப்பின் மதிப்பு என்னவாயிற்று? அந்தப் பணத்தில் எத்தனை பள்ளிக்கூடம் வைத்திருக்கலாம் என்று கணக்குப் பாருங்கள்.

அமெரிக்காவில் ஒரு மாமனார் கடன்

இந்தப் பைத்தியம் நம் நாட்டில் மாத்திரந்தானா என்று கேட்பீர்கள். கடன் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் அதைப் பற்றிச் சுயபுத்தியோடு யோசித்த ஒருவருடைய கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெபர்சன் என்பவரின் மாமனார் ஜான் வேல்ஸ். அவர் 1773-ல் இறந்தபோது இங்கிலாந்து வியாபாரிகளுக்கு ஏராளமான கடன் வைத்துவிட்டுப் போனார். மருமகன்மார் கடனைத் தீர்த்துவிட்டுச் சொத்தைப் பிரித்துக் கொள்ளாமல், முதலில் சொத்தைப் பிரித்துக் கொண்டார்கள். அதனால் கடன் அவரவர் தலையில் சொந்தக் கடனாக ஏறிவிட்டது. ஜெபர்சன் நிலத்தை விற்றார். அதற்குள் சண்டை வந்து, நிலம் வாங்கியவர்கள் காகிதப் பணமாகக் கொடுத்தார்கள். அந்தக் காகிதம் மதிப்பிழந்தது. இங்கிலாந்து வியாபாரிகள் அதை ஒப்புக் கொள்ளவில்லை. சண்டை முடிந்த பிறகும் பழைய கடன் செல்லும் என்று 1783 சமாதான உடன்படிக்கையிலேயே எழுதியாயிற்று. விற்ற நிலமும் போயிற்று; கடனும் நின்றது. அந்தக் காலத்து அமெரிக்கப் பெரிய மனிதர்களின் கடிதக் கட்டுகளைப் பிரித்தால் இந்த மாதிரித் தவணை கேட்பதும், வாரிசுத் தகராறும், ஜாமீன் பேச்சும் அவற்றில் இருக்கும்.

இந்த அனுபவப்பட்ட மனிதர் 1789 செப்டம்பரில் பாரீசிலிருந்து தன் நண்பர் மாடிசனுக்கு ஒரு கடிதம் எழுதினார். பூமி உயிரோடிருப்பவர்களின் அனுபவத்துக்கு உரியது, செத்தவர்களுக்கு அதில் அதிகாரமில்லை, ஒரு தலைமுறை தன் கடனால் அடுத்த தலைமுறையைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பது அதன் கருத்து. மாடிசன் சும்மா தலையாட்டவில்லை. முன்னோர் கடன் வாங்கிச் செய்த நன்மையைப் பின்னோர் அனுபவிக்கும்போது அந்தக் கடனில் அவர்களுக்கும் பொறுப்பில்லையா என்று திருப்பி எழுதினார். நல்ல கேள்விதான். தகப்பன் கடன் வாங்கிக் கிணறு வெட்டியிருந்து, மகன் அந்தத் தண்ணீரில் பருத்தி பயிரிட்டால், கிணற்றுக்குரிய கடனைக் கொடுக்கத்தான் வேண்டும். இரண்டு பேரும் கடிதத்தில் வாதாடினார்கள். ஆனால் ஒருவராவது ஆத்மாவையும் நரகத்தையும் வாதத்துக்குள் இழுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அவ்வளவு புத்தியிருந்தும் ஜெபர்சன் தப்பவில்லை. தாராளச் செலவு ஒருபுறம். 1818-ல் ஒரு சிநேகிதருக்காக 20,000 டாலருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது மறுபுறம். மறு வருஷமே சிநேகிதர் முறிந்து போனார். 1826-ல் ஜெபர்சன் இறந்தபோது கடன் லட்சம் டாலருக்கு மேல். 1827 ஜனவரியில் அவருடைய பண்ணையில் ஏலம் போட்டார்கள். எதை ஏலம் போட்டார்கள்? மாட்டையும் நாற்காலியையும் மாத்திரமா? 130 மனிதர்களை, அவர் அடிமையாக வைத்திருந்த கறுப்பு ஜனங்களை, ஏலம் போட்டார்கள். தாய் ஒரு பக்கமும் பிள்ளை ஒரு பக்கமுமாகப் போக நேர்ந்தது. பூமி உயிரோடிருப்பவர்களுக்கு உரியது என்று எழுதியவரின் கடனை, உயிரோடிருந்த அந்த ஏழைகள் தங்கள் உடலால் தீர்த்தார்கள். எவ்வளவு பெரிய மனிதனானாலும் அவன் எழுதியதை மாத்திரம் பார்க்காமல் நடந்ததையும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொன்னேன். எவன் கடன் வாங்கினாலும் கடைசியில் அது யார் முதுகில் விழுகிறது என்று பார்ப்பதே நம் வேலை.

என் கையெழுத்தின் கதை

இப்பொழுது என் கதைக்கு வருகிறேன்.

என் தகப்பனார் 2001-ல் இறந்தார். எனக்கு வயது பத்தொன்பது. அவர் மானாவாரிக் காட்டில் பருத்தி போட்டு மழை பொய்த்த வருஷம் ஒருவரிடம் 12,000 ரூபாய் வாங்கியிருந்தார். நூற்றுக்கு மூன்று வட்டி. நாற்பத்திரண்டு மாதமாக வட்டி கட்டவில்லை. மாதம் 360 வீதம் வட்டி 15,120; முதலோடு 27,120 என்று கடன் கொடுத்தவர் பதினாறாம் நாள் கணக்குச் சொன்னார். "120-ஐத் தள்ளிவிடுகிறேன், 27,000-க்கு நோட்டு எழுதிக் கொடு" என்றார். பந்தலிலிருந்த பெரியவர்கள் அவருடைய பெரிய மனதைப் புகழ்ந்தார்கள். என் தாயார் அழுது கொண்டே, "போட்டுருய்யா, அவரு கட்டை வேகணும்ல" என்றார்கள். கட்டை வெந்து பதினாறு நாளாகிவிட்டது என்பது அந்த அம்மாளுக்குத் தெரியாதா? தெரியும். பயம் அப்படிப் பேச வைத்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

மாதம் 810 ரூபாய் வட்டி. தீப்பெட்டி ஆபீசில் கிடைத்த கூலியில் ஏழு வருஷம், 84 மாதம், 68,040 ரூபாய் வட்டி மாத்திரம் கட்டினேன். முதல் அப்படியே நின்றது. கடைசியில் இரண்டு குறுக்கம் கரிசலை விற்று முதலைத் தீர்த்தேன்.

பிறகு ஒரு நாள் பழைய சட்டப் புத்தகம் ஒன்றில், பிராமிசரி நோட்டுக்குக் காலவரை மூன்று வருஷம் என்று படித்தேன். என் தகப்பனார் எழுதிய நோட்டு அவர் சாகுமுன்பே காலாவதியாகி விட்டது! அதை வைத்துக் கொண்டு கோர்ட்டுக்குப் போயிருந்தால் வழக்கே நின்றிருக்காது. கடன் கொடுத்தவருக்கு அது தெரியும். அதனால்தான் ஆத்மா சாந்தியைப் பற்றி அவருக்கு அவ்வளவு கவலை. நான் எழுதிய நோட்டிலோ "ரொக்கமாகப் பெற்றுக் கொண்டேன்" என்றிருந்தது. செத்துப் போன காகிதத்துக்கு என் கையெழுத்தால் உயிர் கொடுத்தேன்.

இதில் என்னை ஏமாந்தவன் என்று மாத்திரம் நினைத்துப் பரிதாபப்படாதீர்கள். அந்த நிலத்தை விற்குமுன் என் தங்கையைச் சார்பதிவாளர் ஆபீசுக்குக் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். ஒரு சேலையும் ஆயிரம் ரூபாயும் கொடுத்தேன். "அதான் சீர் செஞ்சாச்சே" என்று சொன்னேன். 1989-லிருந்து நம் தமிழ்நாட்டுச் சட்டப்படி, அதற்கு முன் கலியாணமாகாத மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் மகனைப் போலவே சமபங்கு உண்டு. அவளுக்கு அன்று கலியாணமாகவில்லை, சிறு பெண். பங்கு அவளுடையது. எனக்குத் தெரியாமல் செய்தேன் என்று முதலில் சமாதானம் சொல்லிக் கொண்டேன். தெரிந்து கொள்ள முயலாதது என் சௌகரியத்துக்காகத்தான் என்று பிறகு உணர்ந்தேன். வட்டிக்காரர் எனக்குச் செய்ததையே நான் அவளுக்குச் செய்தேன். இப்பொழுது அவளுக்குரியதைத் தவணையாகக் கொடுத்து வருகிறேன். இது தர்மமல்ல, கடன். உண்மையில் நான் தீர்க்க வேண்டியிருந்த கடன் இதுதான்.

சட்டம் மாறிய வரலாறு

தோழர்களே! இதெல்லாம் தானாக மாறவில்லை. 1929-ல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மகாநாட்டில், பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமையும் வாரிசுப் பாத்தியமும் வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அன்று எத்தனை பேர் சிரித்தார்கள்! குடும்பம் கெட்டுவிடும் என்றார்கள். தர்மம் அழிந்துவிடும் என்றார்கள். 1937-ல் விதவைக்குக் கொஞ்சம் பாத்தியம் வந்தது. 1938-ல் சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்து, முதலைப் போல இரண்டு பங்கு கட்டியவனுக்குப் பழைய கடன் தீர்ந்தது என்றும், வட்டி வருஷத்துக்கு நூற்றுக்கு ஆறேகால் என்றும் ஏற்படுத்திற்று. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். 1956-ல் இந்து வாரிசுச் சட்டம். 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். தகப்பனோ பாட்டனோ வாங்கிய முன்பணத்துக்காக ஒருவனை வேலையில் கட்டிப் போடுவது செல்லாது, அந்தக் கடனே ஒழிந்தது என்று அது சொல்லுகிறது. 1989-ல் நம் ராஜ்யத்தில் மகளுக்குச் சமபங்கு. 2005-ல் இந்தியா முழுவதற்கும் அதே.

அந்த 2005-ம் வருஷத்துச் சட்டத்தில் அநேகர் கவனிக்காத ஒரு பிரிவு இருக்கிறது. மதக் கடமை என்ற ஒரே காரணத்தைக் கொண்டு தகப்பன், பாட்டன், முப்பாட்டன் கடனுக்காக மகன் பேரிலோ பேரன் பேரிலோ கொள்ளுப் பேரன் பேரிலோ கோர்ட்டு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதே அது. 2005 செப்டம்பர் 9-க்குப் பிறகு ஏற்பட்ட கடனுக்கு ஆத்மாவின் ஈடு செல்லாது. சிவகிரித் தீர்ப்பில் ஏறி உட்கார்ந்திருந்த ஆத்மா, 123 வருஷம் கழித்து இறங்கி நடந்தது.

ஆனால் கோர்ட்டை விட்டு இறங்கிய ஆத்மா கருமாதிப் பந்தலில் இன்னும் உட்கார்ந்திருக்கிறதே! கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் குற்றமென்று 2003-ல் தமிழ்நாடு சட்டம் செய்தது. ஆனாலும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசு வாசலில் ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு பச்சைக் குழந்தைகளோடும் தீக்குளித்துச் செத்தார். கந்து வட்டிக் கொடுமைதான் காரணம். சட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது. பயந்தவன் மனதிலும் இருக்க வேண்டும்.

கடன் கொடுக்காதே என்கிறேனா?

"அப்படியானால் வாங்கிய கடனைக் கொடுக்காதே என்கிறாயா?" என்று கேட்பார்கள். அப்படிச் சொல்லவில்லை. செத்தவன் வைத்துவிட்டுப் போன சொத்து எதுவோ, அது அவன் கடனுக்குப் பொறுப்புத்தான். வாரிசு எவ்வளவு பெற்றுக் கொண்டானோ அந்த அளவுக்கு அவனிடம் கேட்கலாம். இது நியாயம், சட்டமும் இதுவே. அதற்கு மேல் ஒரு காசும் மகன் சொந்தக் கூலியிலிருந்து கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆபத்துக் காலத்தில் வட்டியில்லாமல் உதவிய பக்கத்து வீட்டுக்காரருக்குக் கையில் சொத்தில்லாவிட்டாலும் நான் கொடுப்பேன் என்று ஒருவன் சொன்னால், அது அவன் மானத்துக்கு அழகு. அவனை வணங்குகிறேன். ஆனால் அது நன்றியால் செய்யப்பட வேண்டும். அப்பன் மாடாய்ப் பிறந்துவிடுவானே என்ற பயத்தால் செய்யப்படக் கூடாது. பயத்தில் கொடுப்பது நாணயமாகாது.

ஆகவே உங்களிடம் நான் கேட்டுக் கொள்ளுவது இவ்வளவுதான்.

சாவு வீட்டில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். "பழைய நோட்டைக் காட்டுங்கள், தேதியைப் பார்க்கிறேன், வரவு எவ்வளவென்று சொல்லுங்கள், ஒரு மாதம் கழித்துப் பேசலாம்" என்று சொல்லுங்கள். உண்மையான கடன் ஒரு மாதத்தில் ஓடிப்போகாது. தேதி தெரியாவிட்டால் தாலுகாக் கோர்ட்டில் இலவச சட்ட உதவிக் குழு இருக்கிறது. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட மக்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் வக்கீல் பீஸ் இல்லாமல் உதவ வேண்டும் என்று 1987-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. போய்க் கேளுங்கள்.

தகப்பன்மார்களே! நீங்கள் உயிரோடிருக்கும்போதே வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் காட்டி வையுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் வட்டிக்காரர் எழுதுவார். சிநேகிதத்துக்காக ஜாமீன் போடுமுன் ஜெபர்சனை நினைத்துக் கொள்ளுங்கள். கருமாதிக்கும் திவசத்துக்கும் கடன் வாங்காதீர்கள். செத்தவனுக்குச் சோறு போடக் கடன் வாங்கி, உயிரோடிருக்கும் பிள்ளையைப் பட்டாசு ஆபீசுக்கு அனுப்புவது எந்த ஊர் புத்தி?

அண்ணன் தம்பிமார்களே! கூடப் பிறந்தவளைச் சார்பதிவாளர் ஆபீசுக்குக் கூட்டிப் போகுமுன் அவள் பங்கைக் கணக்குப் பார்த்துக் கையில் கொடுங்கள். வேண்டாமென்று அவள் மனதாரச் சொன்னாலும், அவள் பங்கு இன்னது என்று தெரிவித்த பிறகு சொல்லட்டும். தாய்மார்களே! கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்று பயப்படாதீர்கள். உங்கள் பங்கைக் கொடுக்க மனமில்லாமல் அடைக்கிற வாசல் திறந்திருந்து உங்களுக்கு என்ன பிரயோஜனம்?

என் தகப்பனார் நல்லவர். அவருடைய ஆத்மா எங்கேயும் அலையவில்லை. அவருக்கு நான் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் அவர் மகளை ஏமாற்றாமல் இருப்பது ஒன்றுதான். அதைச் செய்யத் தவறியவன் என்ற முறையில்தான் உங்கள் முன் நின்று இவ்வளவு நேரம் பேசினேன். யோசித்துப் பாருங்கள், சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.